முயல் வீட்டு வாசலில் களை இல்லை

ஒரு காட்டில், ஓடைக்கரை ஓரமாக, சொந்த வளையில் ஒரு முயல் குடியிருந்தது. கதை என்றாலே முயல்தானா என்று சலித்துக்கொள்ளாதீர்கள். புலியைப் பற்றிச் சொன்னால் புலி கோபித்துக்கொள்ளும். முயல் கோபித்துக்கொண்டு என்னத்தைக் கிழித்துவிடப் போகிறது? அதனால்தான் எல்லாக் கதையிலும் அதையே பிடித்துப் போட்டு வதைக்கிறோம்.

முயலின் பெயர் பொன்னுரங்கம். பெயர் வைத்துவிட்டதால் இனி 'அவன்' என்றே சொல்கிறேன். அவன் பெண்டாட்டி வேதவல்லிக்கு நிறைமாதம். முயலுக்கு மொத்தமே ஒரு மாதம்தான் என்பது வேறு விஷயம், நிறைமாதம் நிறைமாதம்தானே. வளை குளுகுளுவென்று இருக்கும். தாகம் எடுத்தால் பக்கத்திலேயே ஓடை. வாசலுக்கு மேலே ஒரு நாவல் மரம் குடை பிடித்திருந்ததால் வானத்தில் சுற்றும் கழுகுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாது. பிள்ளை பெற்று வளர்க்க அந்தக் காட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள். அது பொறுக்குமா? ராஜா தண்ணீர் குடிக்க வந்தார்.

ராஜா என்றால் சிங்கம். வயிறு முட்டத் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே ஓடைக்கு வந்தவர், திரும்பும்போது பொன்னுரங்கத்தின் வாசலைப் பார்த்தார். வெறும் செம்மண். அங்கங்கே நாவற்கொட்டை.

"என்னப்பா, வாசல்ல ஒரு களையே இல்லையே," என்றார். "களை இருக்கணும்ப்பா."

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. நம் வீட்டுக்கு வருகிற சித்தப்பா சொல்வதில்லையா, "ஹாலுக்கு வேற கலர் அடிச்சிருக்கலாம்" என்று, அந்த மாதிரி. சித்தப்பாவுக்கு நாம் காபி கொடுத்து அனுப்பிவிடுவோம். ராஜா சொன்னால் அதற்கு ஒரு துறை ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆரம்பித்தார்கள். பெயர், 'வாசல் களை மேம்பாட்டுத் துறை'. மறுநாளே ஒரு குரங்கு ஒலிபெருக்கியோடு மரத்துக்கு மரம் தாவியது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு! ஒவ்வொரு வீட்டு வாசலிலும் களை இருக்க வேண்டும் என்பது ராஜாவின் ஆணை! பௌர்ணமிக்குள் களை வராத வீடுகள் காலி செய்யப்படும்! குடியிருப்போர் மொட்டைப்பாறைக்கு மாற்றப்படுவார்கள்! ஒத்துழைப்புக்கு நன்றி!"

மொட்டைப்பாறை எப்படிப்பட்ட இடம் என்பது பெயரிலேயே இருக்கிறது. அங்கே மறைந்துகொள்ள ஒரு புல் கிடையாது. கழுகுகளுக்கு அது சாப்பாட்டு மேசை. அங்கே குட்டி போட்ட எந்த முயலும் அதை வளர்த்து ஆளாக்கியதில்லை. வேதவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, இந்த நிலைமையில மொட்டைப்பாறைக்கு எப்படிங்க?"

"நான் எதுக்கு இருக்கேன்? வாசல்ல ஒரு பூப்பாத்தி போட்டுடறேன். வீடே ஜொலிக்கப் போகுது பாரு."

"பெருச்சாளிங்களைக் கூப்பிட்டா நல்லா மண்வேலை செய்யுமே."

"ஆள் எதுக்கு வேதா? வளை தோண்டறவனுக்குப் பாத்தி வெட்டத் தெரியாதா? எல்லாம் போன்லயே இருக்கு."

எல்லாம் போன்லயே இருக்கு. இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் உலகத்தில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக் குழாயைத் தாங்களே கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டில் போய்க் குளிக்கிறார்கள்.

போனைத் திறந்தான். ஒரு கிளி வந்தது.

"வணக்கம் தோட்ட நெஞ்சங்களே! உங்க வீட்டு வாசலை நீங்களே அழகாக்கறது எப்படின்னு இன்னிக்குப் பார்க்கப் போறோம். அதுக்கு முன்னாடி அந்த மணியை ஒரு கொத்து கொத்திடுங்க!"

கிளி அதைப் பற்றியே வெகுநேரம் பேசியது. அப்புறம் தன் கீச்சுக்குரலைப் பற்றி யாரோ தப்பாகக் கமென்ட் போட்டதைப் பற்றிப் பேசி, கண் கலங்கியது. கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தது. கயிற்றைப் போட்டு வளைவாகக் கோடு இழுக்க வேண்டுமாம், நேராக இழுத்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமாம். மண்ணை ஒரு அடிக்குக் கொத்திவிட்டு மக்கிய எரு கலக்க வேண்டுமாம். உயரமான செடி பின்னால், குட்டைச்செடி முன்னால், ஓரத்துக்குக் கூழாங்கல். ரொம்ப நல்ல யோசனைகள்தான். சொன்ன கிளி குடியிருப்பது மரப்பொந்தில். அதற்கு வாசலே கிடையாது.

பொன்னுரங்கம் கொத்த ஆரம்பித்தான். ஒரு அடியில் நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முயலின் முன்னங்கால்களுக்குத் தெரியாதே! மண் கண்ட மாத்திரத்தில் அதுபாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கஞ்சி குடிக்கக் கூப்பிட வந்த வேதவல்லி வாசலில் யாரையும் காணாமல் தவித்துப் போனாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"பாத்தியிலதான்!" என்று பூமிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

வெளியே வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி கொத்தினான். எருவுக்கு யானைகள் போகிற தடத்துக்குப் போனான். மக்கிய யானைச்சாணம் ஒன்று அவனைவிடப் பெரிதாக இருந்தது. அதை உருட்டிக்கொண்டு மேட்டில் ஏற்றினான். அது அவனை உருட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் "என்ன பொன்னுரங்கம், ஆள் வெச்சுச் செய்யக்கூடாதா?" என்று அக்கறையாகக் கேட்டார்கள். கை கொடுக்கத்தான் ஒருத்தரும் இல்லை.

ஒருவழியாகப் பாத்தி தயாராகி, செண்டுமல்லியும் சாமந்தியும் நட்டான். "நாத்து கொஞ்சம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்க, அப்பத்தான் பக்கக்கிளை வெச்சு அடர்த்தியா வரும்" என்று கிளி சொல்லியிருந்தது. முயல் எதனால் கிள்ளும்? பல்லால். பல்லால் கிள்ளிய நுனியைத் துப்பவா முடியும்? முதல் செடியில் நுனியைக் கிள்ளினான். இரண்டாவதில் கொஞ்சம் தாராளமாகக் கிள்ளினான். அப்புறம் வேர்வரைக்கும் கிள்ளினான். திரும்பிப் பார்த்தால் இந்தப் பக்கத்திலிருந்து வேதவல்லி கிள்ளிக்கொண்டு வந்தாள்.

"வயித்துப் பிள்ளைக்கு ஆசைங்க," என்றாள் வாய் நிறைய சாமந்தியோடு.

பாத்தி மொட்டை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

புல் தின்கிறவன் பூந்தோட்டம் போடுவதில் இந்தச் சிக்கல் இருக்கிறது. ஆனால் பொன்னுரங்கம் விடவில்லை. முயல் வாயே வைக்காத செடியாகத் தேடிப் போனான். பின்வரிசைக்கு அரளி, தின்றால் ஆளே காலி. முன்னால் முழுக்க நித்தியகல்யாணி, ஒரே கசப்பு. ஓடையிலிருந்து கூழாங்கல்லை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வந்து ஓரம் கட்டினான். ஒரு கோரை தலை தூக்கினாலும் கிழங்கோடு கல்லி எடுத்தான். பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வாசல் ரோஜா நிறமும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கியது. மான்கள் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டன. "உன் வீட்டுக்கே ஒரு களை வந்திருச்சு பொன்னுரங்கம்!" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சொன்னார்கள். பொன்னுரங்கத்துக்குத் தலை கால் புரியவில்லை. வேதவல்லி பிள்ளைக்கு மெத்தென்று படுக்கை போட நெஞ்சு முடியைப் பிய்த்து வைக்க ஆரம்பித்தாள்.

பக்கத்துக் குகையில் மொக்கையன் என்றொரு கரடி இருந்தார். அவர் வாசலில் பார்த்தீனியம் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதற்குக் கீழே கோரை, கோரைக்கு நடுவே நெருஞ்சி. வெளியே போய்விட்டு வந்தால் அவருக்கே தன் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கும்.

"மொக்கையண்ணே, பௌர்ணமி வருதே. வாசல்ல ஏதாச்சும் செய்யக்கூடாதா?" என்று பொன்னுரங்கம் கேட்டான். ஓடிப்போய் உதவும் ஆசை வேறு.

"செய்வோம் தம்பி," என்றார் மொக்கையன். புரண்டு படுத்தார்.

தணிக்கைக்கு அதிகாரி வந்தார். ஏகாம்பரம் என்ற கொக்கு. இவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் என்மேல் வருத்தப்படுவீர்கள். ஏகாம்பரம் காட்டுக்காரர் இல்லை. நெல் வயலில் பிறந்து, வரப்பிலேயே வளர்ந்து, களை பறிக்கும் கூட்டத்துக்குப் பின்னாலேயே நடந்து பூச்சி பொறுக்கித் தின்று ஆளானவர். முகத்தில் களை, வீட்டில் களை, கல்யாணக் களை என்றெல்லாம் நாம் பேசுகிறோமே, அதெல்லாம் அவர் காதில் விழுந்ததே இல்லை. அவருக்குத் தெரிந்த களை ஒன்றே ஒன்று. பிடுங்கிப் போடுகிற களை. 'களையைப் பற்றி நன்கு அறிந்தவர் தேவை' என்று துறை கேட்டபோது, அவரைவிடத் தகுதியான ஆள் கிடைக்கவில்லை.

பொன்னுரங்கத்தின் பாத்தியை அவர் மேலும் கீழும் பார்த்தார். குனிந்து பூக்களுக்கு நடுவே அலகை விட்டுப் பார்த்தார்.

"எங்கய்யா களை?"

"பாருங்கய்யா, எவ்வளவு களையா இருக்கு!"

"எங்க? ஒண்ணு காட்டு பார்ப்போம்."

"ஒண்ணா? மொத்தமுமே களைதானேய்யா!"

"இது நித்தியகல்யாணி. அது அரளி. களை எங்க? இவ்வளவு பெரிய பாத்தியில ஒண்ணுகூடக் காணோம், நிறைய இருக்குங்கற. என்ன, என் காதுல பூ சுத்தறியா?"

கொக்குக்குக் காது எங்கே இருக்கிறது என்று பொன்னுரங்கம் ஒரு நிமிடம் தேடிப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு லேசாகப் பொறி தட்டியது. அடடா, ஐயா வேற களையைக் கேக்கறார்! பாத்தி சுத்தமா இருக்கான்னு சோதிக்கிறார்! என்று அவனாகவே முடிவு செய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

"அந்தக் களையாய்யா? ஒண்ணு விடாம நானே புடுங்கிட்டேன்! வேரோட!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். ஏகாம்பரத்தின் கழுத்து அப்படியே நீண்டது.

"ராஜா இருக்கணும்னு சொன்ன களையை... நீ புடுங்கிட்டே. அதுவும் வேரோட."

"ஐயா, ராஜா சொன்ன களை வேறய்யா. அது அழகு, லட்சணம்..."

"களைக்கு எனக்கு அர்த்தம் சொல்றியா? பொறந்ததுல இருந்து களையிலேயே நின்னவன்யா நான்!"

எவ்வளவு சொல்லியும் ஏகாம்பரம் ஒற்றைக்காலிலேயே நின்றார். கொக்கு வேறு எப்படி நிற்கும்? பௌர்ணமிக்குள் களை முளைக்காவிட்டால் மொட்டைப்பாறைதான் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் குகைக்கு நகர்ந்தார். நகர்ந்தவர் அங்கேயே உறைந்து நின்றுவிட்டார். பார்த்தீனியம்! கோரை! நெருஞ்சி! பிறந்த ஊருக்கே திரும்பிப் போன மாதிரி அவருக்குக் கண்ணில் நீர் தளும்பியது.

"இதுய்யா களை! இதை எப்படிப் பண்ணினீங்க?" என்று மொக்கையனை எழுப்பிக் கேட்டார்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்களே," என்றார் மொக்கையன். வாஸ்தவத்தில் அவர் வாழ்நாளில் சொன்ன சுத்தமான உண்மை அதுதான்.

"இவ்வளவும் பண்ணிட்டு ஒண்ணுமே பண்ணலேங்கறார் பாருங்க, என்ன தன்னடக்கம்!"

அந்த இடத்திலேயே மொக்கையனுக்குக் 'களைமாமணி' பட்டம் கொடுத்தார்கள். போர்த்திய பொன்னாடையை இழுத்து மூடிக்கொண்டு அவர் மறுபடி தூங்கிப்போனார்.

பொன்னுரங்கம் ராஜாவிடமே கேட்டுவிடலாம் என்று குகை அரண்மனைக்கு ஓடினான். வாசலில் வரிசை. எல்லாரும் களையில்லாத வாசல்காரர்கள். அணில் ஒன்று கொய்யாப்பூ தோரணம் கட்டி, வாசல் அழகாக இருக்கிறது என்பதற்காகவே அதிகாரியிடம் மாட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் காவலுக்கு நின்ற ஓநாய் முன்னால் போய் நின்றான்.

"ராஜா எந்தக் களையைச் சொன்னார்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கண்ணே."

"ராஜா சொன்னதுக்கு அர்த்தம் கேக்கறதா? அப்ப ராஜாவுக்குச் சரியாச் சொல்லத் தெரியலேங்கறியா?"

"ஐயோ, அப்படி இல்லண்ணே. எனக்குத்தான் காதுல சரியா விழலையோன்னு..."

ஓநாய் அவனை ஏற இறங்கப் பார்த்தது. "காதை இன்னும் கொஞ்சம் நீளமா வளர்த்துக்க," என்றது. "அடுத்த ஆளு வா."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். வேதவல்லி நடந்துகொண்டே இருந்தாள், அவளுக்கு உட்கார முடியவில்லை. "அழகு கிடக்குது விடுங்க," என்றாள். "எனக்கு இந்த வளை வேணும். பூவையெல்லாம் புடுங்குங்க. களையை நடுங்க."

பொன்னுரங்கம் பிடுங்கினான். அழுதுகொண்டேதான் பிடுங்கினான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தன் வாயால் கவ்வி வந்த கல்லுக்குள் தன் கையால் நட்ட செடி. கண்ணீர் மறைத்ததில் தண்டு மட்டும் கையோடு வந்து, வேரெல்லாம் மண்ணிலேயே தங்கிவிட்டதை அவன் கவனிக்கவில்லை.

களைக்கு மொக்கையனிடம் போனான். குகை முன்னால் காடே திரண்டிருந்தது. களைமாமணி 'களை வளர்ப்பது எப்படி' என்று பாடம் எடுக்கிறாராம். மொக்கையன் ஒரு கண்ணைத் திறந்து, "சும்மா இருங்க," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். பாடம் முடிந்தது. "எவ்வளவு ஆழம்!" என்று கரைந்துபோய் எல்லாரும் கலைந்தார்கள்.

பொன்னுரங்கத்துக்குச் சும்மா இருக்கத் தெரியாதே, அங்கேதான் இடித்தது. மொக்கையன் வாசலிலிருந்து கோரையும் நெருஞ்சியும் வாங்கி வந்து, கயிறு பிடித்து வரிசையாக நட்டான். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால். யானை எரு வைத்தான், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினான், வெயில் படாமல் இலை வைத்து மறைத்தான். யாரும் தேடாத இடத்தில் கொழுத்துக் கிடந்த களை, இவ்வளவு கவனிப்பைக் கண்டு மிரண்டுபோய் ஒவ்வொன்றாகத் தலை சாய்த்தது. சரி, களைதான் வரவில்லை, அதோடு விட்டதா? பிடுங்கிப் போட்ட நித்தியகல்யாணி தங்கிப்போன வேரிலிருந்து துளிர்த்து, வேண்டாம் வேண்டாம் என்று கிள்ளக் கிள்ள அடர்த்தியாகி, பாத்தி முழுக்க மறுபடி பூத்துத் தொலைத்தது.

பௌர்ணமி அன்று காலை ஏகாம்பரம் வந்தபோது வாசல் முன்னைவிட அழகாக இருந்தது. வளைக்குள் வேதவல்லிக்கு வலி கண்டுவிட்டது.

"மறுபடி பூவா?" என்றார் ஏகாம்பரம். "குரங்கைக் கூப்பிடுங்க. வீட்டைக் காலி பண்ணுங்க."

பொன்னுரங்கம் அவர் காலில் விழுந்தான். ஒரு கால்தான் கீழே இருந்தது, அதில் விழுந்தான். "ஐயா, உள்ள பிரசவ வலிய்யா! இப்ப எங்கய்யா போவோம்?"

அப்போது வளைக்குள்ளிருந்து வேதவல்லியின் குரல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"ஐயா, உங்க ஊர் வயல்ல நெல்லு நடுவாங்கல்ல? நடாம அதுவா வர்றதுக்கு என்னங்க பேரு?"

"களை," என்றார் ஏகாம்பரம்.

"வேணாம்னு புடுங்கினாலும் மறுபடி மறுபடி வர்றதுக்கு?"

"அதுவும் களைதாம்மா. அசல் களை."

"நாங்க நட்டது கோரையும் நெருஞ்சியும். அதுதான் எங்க பயிரு. நடாம, வேணாம்னு புடுங்கியும் வந்திருக்கே, இந்தப் பூவு. இதுக்கு என்ன பேரு?"

ஏகாம்பரம் யோசித்தார். யோசனை ஆழமாகப் போனதில், ஊன்றியிருந்த ஒரு காலையும் தூக்கிவிட்டார். தொப்பென்று விழுந்தார். எழுந்தபோது அவருக்கு ஞானம் வந்திருந்தது.

"அட, ஆமா! இது சுத்தமான களைய்யா! புடுங்கப் புடுங்க வந்திருக்கே! களைமாமணி வாசல்லகூட இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல!" என்று துள்ளினார். காட்டிலேயே தலைசிறந்த களை இதுதான் என்று அங்கேயே அறிவித்தார். அவர் படியிறங்கிப் போன கையோடு வளைக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. கண் திறக்காத, முடி முளைக்காத குட்டிகள், மெத்தை முழுக்க. பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டே அழுதான்.

இங்கேயே நிறுத்தினால் இதைப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிடலாம். புத்தியே பலம் என்று ஒரு நீதியையும் போட்டு, கீழே 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று கேள்வியும் கேட்டுவிடலாம். நானும் நிறுத்தத்தான் பார்த்தேன். ராஜா எழுந்துவிட்டார்.

காட்டிலேயே தலைசிறந்த களை என்று சொன்னால் ராஜா வந்து பார்க்காமல் இருப்பாரா? பரிவாரத்தோடு வந்தார். பார்த்தார். மனசார மகிழ்ந்தார்.

"அட! இப்பத்தான்ப்பா வாசல்ல ஒரு களை வந்திருக்கு!" என்றார். "இதை எல்லாரும் பார்க்கணும்ப்பா."

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார். போய்விட்டார்.

மறுநாள் பொன்னுரங்கம் கண் விழித்தபோது பாத்தியைச் சுற்றி மூங்கில் வேலி. வேலியில் 'ராஜா பூங்கா' என்று பலகை. பூவைத் தொடாதீர், புல்லில் நடக்காதீர், எச்சில் துப்பாதீர். வெளியே நுழைவுக்கு வரிசை, முன்னால் மான்கள். புதிதாகப் பூங்கா அதிகாரி ஆகியிருந்த ஏகாம்பரம் உள்ளே வந்தார்.

"பொன்னுரங்கம், பூங்காவுக்குள்ள குடியிருக்கக் கூடாது. இது ஆக்கிரமிப்பு."

"ஐயா, பூங்காவே என் வீட்டு வாசல்தானேய்யா!"

"அதைத்தான் நானும் சொல்றேன். பூங்காவுக்கு நட்டநடுவுல வளையைத் தோண்டி வெச்சிருக்கே. என்ன தைரியம்!"

"வளை முன்னாடியே இருந்ததுய்யா! களை இருக்கணும்னீங்க, இருக்கு. இப்ப எதுக்குய்யா துரத்தறீங்க? குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கலைய்யா."

ஏகாம்பரத்துக்கு அவன்மேல் கோபமே இல்லை. சொல்லப்போனால் பிரியம்தான். பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"உன் சம்சாரம்தானேய்யா எனக்குப் புரிய வெச்சுது? பூங்காவுல துறை வெச்சிருக்கிறது பூ. துறை வெக்காம அதுவா இருக்கிறது நீங்க. வேணாம்னாலும் போக மாட்டேங்கறீங்க. வயல்காரன் நான், இதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாதா? களையை எடுத்துத்தானே ஆகணும்?"

பொன்னுரங்கம் வேதவல்லியைப் பார்த்தான். சொன்ன வார்த்தை முழுக்க அவளுடையது.

குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வெளியே கொண்டுவந்தார்கள். வரிசையில் நின்ற மான்கள் ஒதுங்கி வழி விட்டன. "அச்சோ, எவ்வளவு குட்டியா இருக்கு!" என்று படம் எடுத்தன. தூரத்தில் மொட்டைப்பாறை வெயிலில் தகித்தது. அதற்கு மேலே கழுகுகள் சுற்றின.

"கண்ணு பட்டிருச்சுங்க," என்று வேதவல்லி விம்மினாள். "ராஜா கண்ணே பட்டிருச்சு."

மொக்கையன் குகையைத் தாண்டும்போது புதருக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"எங்க தம்பி, குடும்பத்தோட?"

"மொட்டைப்பாறைக்குண்ணே."

"பச்சைப் பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டா? உனக்கு என்ன பைத்தியமா? இப்படி உள்ள வந்து எங்கயாச்சும் படுங்க. என் வாசல் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல, கழுகுக்கா தெரியப் போகுது?"

பார்த்தீனியத்துக்குக் கீழே, கோரையை விலக்கி, குட்டிகளைப் படுக்க வைத்தார்கள். கழுகு மேலே வந்து வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, அசிங்கம் பிடித்த இடம் என்று நினைத்ததோ என்னவோ, போய்விட்டது. அந்தப் புதரிலேயே குட்டிகள் கண் திறந்தன. இலை கொறிக்கப் பழகின. ஓடைக்கரையில் தங்கள் வீடு இருந்த இடத்தில் நிற்கும் கூட்டத்தை வேதவல்லி அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

குட்டிகள் துள்ளி ஓட ஆரம்பித்த ஒரு காலையில் பொன்னுரங்கம் மொக்கையன் வாசலைச் சுற்றி வந்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். இன்னொரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தான்.

"வேதா, அந்த நெருஞ்சியை மட்டும் எடுத்துட்டு, ஓரமா வளைவா நாலு கூழாங்கல்லு வெச்சோம்னா..."

வேதவல்லி திரும்பி நின்று, பின்னங்கால் இரண்டாலும் விட்டாள் ஒரு உதை. பொன்னுரங்கம் போய் நெருஞ்சி நடுவிலேயே விழுந்தான்.

"நல்லாப் போட்டேம்மா," என்றார் மொக்கையன். புரண்டு படுத்தார்.

நீதி: உங்கள் வாசல் யாருக்கும் பிடிக்காமல் இருக்கும் வரைதான் வீடு உங்களுடையது, ஆகவே செடிக்குத் தண்ணீர் ஊற்றுமுன் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளவும், முடிந்தால் ஊற்றாமலே போய்ப் படுத்துக்கொள்ளவும்.